மீனாட்சி அம்மாளின் பாட்டுக்கு மெட்டு எங்கே?

ஒரு மூதாட்டி கேட்ட கேள்வியிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

1982ஆம் ஆண்டு. தொழிற்சங்கக் கூட்டமொன்றைப் பற்றிச் செய்தி எழுதுவதற்காக ஹட்டனுக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்த மறுநாள் காலை, அருகிலிருந்த தோட்டமொன்றின் லயத்துக்கு என்னை ஒரு நண்பர் அழைத்துச் சென்றார். அங்கே எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வாசற்படியில் குந்தியிருந்தார். கொழுந்து பறித்த காலத்துப் பாட்டுகள் அவருக்குத் தெரியும் என்று நண்பர் சொல்லியிருந்தார். முதலில் தயங்கிய அவர், பிறகு தொடர்ந்து நாலைந்து பாட்டுகள் பாடினார். அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையைப் பற்றி ஒன்று. கடல் தாண்டி வந்து திரும்பிப் போகாத அண்ணனைப் பற்றி ஒன்று. நான் வேகவேகமாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

முடிந்ததும் கேட்டார்: "எல்லாத்தையும் எழுதிட்டீங்களா தம்பி?"

"எழுதிட்டேன் அம்மா."

"ராகத்த எங்க எழுதுனீங்க?"

நான் சிரித்துச் சமாளித்தேன். என் பையில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. அதற்குள் இருந்ததோ ஒரேயொரு கசெட். முந்திய நாள் தலைவர்கள் பேசிய பேச்சு அதில் பதிவாகியிருந்தது. அதை அழித்து அந்த அம்மாவின் குரலைப் பதிய எனக்கு அன்று மனம் வரவில்லை. அந்தப் பேச்சுகளில் ஒரு வாக்கியம்கூட இன்று என் நினைவில் இல்லை. பாட்டின் சொற்கள் இன்னும் குறிப்பேட்டில் இருக்கின்றன. மெட்டு அந்த அம்மாவோடு போய்விட்டது.

*

சில ஆண்டுகளுக்குப் பின்னர் இலண்டனில் ஒரு நண்பரின் வீட்டில் ஓர் இசைத்தட்டைக் கேட்டேன். எம்மா கர்க்பி என்ற ஆங்கிலப் பாடகி பாடியது. பெண்குரலில் உச்ச ஸ்தாயியான சொப்ரானோ குரல் அவருடையது. ஆனால் ஒபேரா பாடகியரிடம் நான் கேட்டுப் பழகிய அதிர்வும் முழக்கமும் அதில் இல்லை. நேரான, தெளிந்த குரல். ஒவ்வொரு சொல்லும் பிசிறின்றிக் காதில் விழுந்தது. "இவர் ஏன் இப்படிப் பாடுகிறார்?" என்று கேட்டேன். நண்பர் சொன்ன பதில்தான் என்னை மறுபடியும் ஹட்டன் லயத்து வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

எம்மா கர்க்பி 1949இல் பிறந்தவர். ஒக்ஸ்போர்ட்டில் கிரேக்க, இலத்தீன் இலக்கியம் படித்துவிட்டுப் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவர். 1970களில், பழைய இசையை அது இயற்றப்பட்ட காலத்தில் ஒலித்தவாறே ஒலிக்கச் செய்ய வேண்டும் என்று முனைந்த குழுக்களோடு சேர்ந்து பாடத் தொடங்கினார். அந்த இயக்கத்தின் குரல் என்று சொல்லத்தக்க அளவுக்குப் பெயர் பெற்றார். 2007இல் அந்நாட்டு அரசின் 'டேம்' பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

இந்த இயக்கத்தினர் செய்த வேலை, பத்திரிகைக்காரனான எனக்குப் பெரிதும் பிடித்துப்போன வேலை. துப்புத் துலக்கும் வேலை அது. கம்பி நரம்புகளை அகற்றிவிட்டு வயலினுக்குப் பழையபடி ஆட்டுக்குடல் நரம்பைப் பூட்டினார்கள். இன்று 440 அதிர்வு என்று நிலைத்துவிட்ட சுருதியை, 18ஆம் நூற்றாண்டு இசைக்காக ஏறக்குறைய 415க்கு இறக்கினார்கள். பழைய பாடநூல்களையும் கடிதங்களையும் கணக்குப் புத்தகங்களையும் தேடிப் படித்தார்கள். ஹாண்டெல் 1742இல் டப்ளினில் அரங்கேற்றிய 'மெசையா'வை, கிறிஸ்தோபர் ஹாக்வுட் 1980இல் இசைத்தட்டாக வெளியிட்டார். அதில் எம்மா கர்க்பியும் பாடினார். ஹாக்வுட் எடுத்துக்கொண்டது 1754இல் இலண்டனின் அநாதைக் குழந்தைகள் விடுதியில் நிகழ்த்தப்பட்ட வடிவம். ஏன் அந்த ஆண்டு? அன்று யார் யார் வாசித்தார்கள், பாடினார்கள், யாருக்கு என்ன கூலி கொடுக்கப்பட்டது என்ற விவரம் விடுதியின் ஏடுகளில் இருந்தது. கூலிக் கணக்கிலிருந்து ஓர் இசையின் உருவத்தை மீட்டெடுத்திருக்கிறார்கள்!

கூலிக் கணக்குக்கு எங்கள் மலையகத்தில் என்ன குறை? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட நாள்தொட்டு, அதற்கு முந்திய கோப்பிக் காலந்தொட்டு, முழுப்பேரும் அரைப்பேரும் செக்ரோலில் ஒன்று தவறாமல் ஏறியிருக்கின்றன. எத்தனை இறாத்தல் கொழுந்து என்பதும் இருக்கிறது. ஆனால் கூடையைச் சுமந்தவள் என்ன பாடினாள் என்று எழுத அந்தப் புத்தகத்தில் ஒரு பத்தி இல்லை.

*

இப்போது மீனாட்சி அம்மாளிடம் வருகிறேன்.

மலையகத் தொழிற்சங்க வரலாற்றைப் படித்தவர்களுக்குக் கோ. நடேசய்யரைத் தெரிந்திருக்கும். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்தவர். துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர். 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள் நடத்தியவர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சங்கம் அமைத்தவர். 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் உறுப்பினர். அந்த ஆண்டிலேயே மறைந்தார். பத்திரிகைத் தொழிலில் எங்களுக்கெல்லாம் மூத்தவர்.

அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளைப் பற்றி நம்மில் பலரும் அறிந்தது குறைவு. 'தேசபக்தன்' பத்திரிகைப் பணியில் கணவருக்குச் சரியாக நின்றவர் அவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று 1920களின் இறுதியிலேயே அதில் எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பாடினார். நடேசய்யர் பேசுவதற்கு முன்னால் பாரதியார் பாடல்களைப் பாடிக் கூட்டத்தைத் திரட்டியவர் அவரே. சென்னை மாகாணத்தில் 1928இல் பாரதி பாடல் நூல்கள் பறிமுதல் செய்யப்பட்டன என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பாரதியைத் தேயிலை மலைகளின் காதில் போட்டவர்களுள் முதன்மையானவர் மீனாட்சி அம்மாள்.

ஒரு குடும்பப் பெண் பொது இடத்தில் நின்று பாடுவது அன்று சாதாரணம் அல்ல. பிராமணக் குடும்பத்துப் பெண்கள் கச்சேரி செய்யும் வழக்கமில்லாத சென்னையில், டி. கே. பட்டம்மாள் 1932இல் சபா மேடையேறியதே புரட்சியாகப் பேசப்பட்டது. பட்டம்மாளுக்காவது சபாவும் பக்கவாத்தியமும் தலையாட்டும் ரசிகரும் இருந்தனர். மீனாட்சி அம்மாளின் அரங்கம் வேறு. வெளியார் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குப் பாயும் காலம் அது. ஆகவே கடைவீதியும் சந்தியும் வெட்டவெளியும்தான் மேடை. காலை இருட்டில் பிரட்டுக்குப் போய், மாலை வரை மலையேறி இறங்கிய பெண்கள்தான் ரசிகர்கள்.

அவர் பாரதியை மட்டும் பாடவில்லை. தாமே பாடல்கள் புனைந்தார். அவற்றை 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற தலைப்பில் சிறு நூலாக வெளியிட்டார். அந்த ஆண்டு ஏன் முக்கியமானது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1939இல் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிகளாக இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நீக்கித் திருப்பியனுப்ப முற்பட்டது. சமரசம் பேச ஜவஹர்லால் நேரு ஜூலையில் கொழும்புக்கு வந்தார். பேச்சு பலிக்கவில்லை. அந்த வருகையின்போதே இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. அடுத்த மாதமே, தொழிலாளர் இலங்கைக்குப் போவதற்கு இந்திய அரசாங்கம் தடை விதித்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். 'நாங்கள் இந்த நாட்டில் யார்?' என்ற கேள்வி லயங்களில் எழுந்து நின்ற நேரம் அது. மீனாட்சி அம்மாள் அந்தக் கேள்வியைப் பாட்டாக்கினார். இந்தியரை வெளியேற்றத் துடித்த மந்திரிமாரை நேருக்கு நேர் கண்டித்தார். தொழிலாளரை ஒன்றுபடச் சொன்னார். மலையகப் பெண்ணெழுத்தின் முதல் அத்தியாயங்களில் ஒன்று அந்த நூல். அதைப் படித்தவர்கள் அவரைக் கவிஞர் என்கிறார்கள், போராளி என்கிறார்கள். இரண்டும் சரி. ஆனால் அந்தச் சொற்கள் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. பாடுவதற்காக எழுதப்பட்டவை.

*

எப்படிப் பாடியிருப்பார்?

மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த மெட்டுகளில் பாடினார். அதுதான் அன்றைய வழக்கம். ஒரு பாட்டின் தலையில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று ஒரு வரி அச்சிட்டால் போதும். வாங்கியவர் வீட்டுக்குப் போவதற்குள் பாடத் தொடங்கிவிடுவார். எழுத்தறியாதவருக்கு அந்த மெட்டே பாதிப் பாட்டைக் கற்றுக்கொடுத்துவிடும்.

மெட்டு என்பது சொல்லைச் சுமக்கும் கூடை மட்டும் அல்ல. அதற்கும் பொருள் உண்டு. பாரதியார் தம் அரசியல் பாட்டொன்றுக்குக் கோபாலகிருஷ்ண பாரதியின் 'நந்தனார் சரித்திர'த்திலிருந்து மெட்டை எடுத்தார். ஆண்டையின் நிலத்தில் அடிமையாக உழைத்த நந்தனின் கதை கேட்போர் மனத்தில் முன்பே இருக்கிறது. புதிய சொல் காதில் விழும்போது பழைய நந்தனும் பின்னால் வந்து நிற்கிறான். மெட்டைத் தொலைத்தால் அந்த நந்தனையும் தொலைத்துவிடுகிறோம். சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, 'இதில் கவித்துவம் குறைவு' என்று விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன்: நீங்கள் பாதிப் பாட்டைத்தான் பார்த்தீர்கள்.

சரி, துப்புகள் என்னென்ன இருக்கின்றன?

முதலாவது, நாடகமேடை. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் ஒலிபெருக்கியின்றிக் கொட்டகையின் கடைசி வரிசைவரை குரலை எட்டச் செய்தவர்கள். 1920களில் இலங்கை மேடைகளிலும் பாடியவர்கள். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய தேசியப் பாட்டுகளும், அவற்றைப் பாடிச் சிறை சென்ற விஸ்வநாததாஸ் போன்ற நடிகர்களும் அன்றைய தமிழ்க் காதுகளைப் பழக்கியிருந்தனர். நடேசய்யரே தொழிலாளரின் அவலத்தை நாடகமாக எழுதியவர். கிராமபோன் தட்டுகளில் அந்த மேடைக்குரல்கள் பலவும் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. திறந்த வெளியில், உயர்ந்த சுருதியில், சொல் சிதையாமல் பாடும் முறை எப்படியிருந்தது என்பதற்கு அவை நேரடிச் சாட்சி.

இரண்டாவது, கும்மி. கோப்பிக் காலத்திலேயே, 1869இல், ஆபிரகாம் ஜோசப் என்பவர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' இயற்றினார். அது துரைமாரின் பக்கம் நின்று பாடிய நூல். ஆனால் தொழிலாளரின் காதில் ஏற வேண்டுமானால் கும்மியாகத்தான் பாட வேண்டும் என்பது அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. கைத்தட்டலும் காலடியும் எங்கே விழும் என்பதைக் கும்மியின் யாப்பே சொல்லிவிடும்.

மூன்றாவது, தப்பு. ஆட்களைப் பிரட்டுக்கு எழுப்பியதும் தப்புத்தான். காமன் கூத்துக்கும் பொன்னர் சங்கருக்கும் அருச்சுனன் தபசுக்கும், சாவுக்கும் முழங்கியதும் தப்புத்தான். மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடும் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றிய தப்பின் அடிவகைகளைத் தந்தையிடமிருந்து மகன் கற்றிருக்கிறான். இது ஏட்டில் இல்லாத சுவடி.

நான்காவது, இடம். நுவரெலியா, ஹட்டன் பக்கத்துக் குளிரில் நின்று பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூச்சு நீளாது. பனி இறங்கினால் தொண்டை கட்டும். அடி குறுகி, ஒரு வரியைத் தலைவி பாட, கூட்டம் அதைத் திருப்பிப் பாடும் முறை அங்கே அழகுக்காக மட்டும் வந்திருக்காது. உடலின் தேவையும் அதில் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இத்தனை துப்புகளையும் ஒன்றுசேர்த்துப் பார்க்க ஓர் இசைப் பேராசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. எம்மா கர்க்பி பள்ளிக்கூட ஆசிரியையாகத்தான் தொடங்கினார்.

*

இதை முன்பே செய்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை கனிம ஆய்வுத் துறையின் தலைவராக இந்தத் தீவின் மலைகளைக் கால்நடையாகத் துருவியவர். 1909இல் கொழும்பில் வெளிவந்த தம் நூலில் கிராமபோனைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியவர். அவர் மனைவி, ரத்தன் தேவி என்ற பெயரில் பாடிய ஆங்கிலப் பெண்மணி, பஞ்சாபிலும் காஷ்மீரிலும் தாம் கற்ற 30 பாட்டுகளைச் சுரக்குறிப்போடு 1913இல் நூலாக்கினார். கணவர் முன்னுரை எழுதினார். காஷ்மீரத்துப் பாட்டுக்குக் கிடைத்த அந்தப் பேறு கண்டிச் சீமையின் கொழுந்துப் பாட்டுக்குக் கிடைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. கூலியின் பாட்டும் ஓர் இசை என்று அன்று எண்ணத் தோன்றவில்லை, அவ்வளவே.

பிற்காலத்தில் அதைச் செய்தவர் தோட்டத்திலேயே பிறந்தவர்: சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலை உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றவர்; கவிஞர். அவர் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1980களில் நூலாயின. அது இல்லையென்றால் சொல்லும் போயிருக்கும். அந்தக் கடனை எப்போதும் மறக்கலாகாது. ஆனால் அந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் லயத்து அம்மாவின் கேள்வி எதிரே வந்து நிற்கிறது.

அதற்குள் பாடியவர்களே சிதறிப்போனார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரு பாட்டின் தலைவி கோத்தகிரிக்கும், திருப்பிப் பாடிய தோழிமார் பொகவந்தலாவைக்குமாகப் பிரிந்த கதைகள் எத்தனையோ இருக்கும். சேர்ந்து பாடும் பாட்டுக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

*

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மீனாட்சி அம்மாள் பாடியபடியே இன்னொருவர் பாடிவிட முடியாது. பழைய இசை இயக்கத்துக்குள்ளேயே இந்தச் சண்டை உண்டு. ரிச்சர்ட் டாரஸ்கின் என்ற அமெரிக்க அறிஞர், 'நீங்கள் பழமை என்று சொல்வது உண்மையில் இந்தக் காலத்தின் ரசனைதான்' என்று அவர்களைக் கடுமையாகச் சாடினார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் தேடியதால் ஒரு நன்மை விளைந்தது: பழக்கத்தால் படிந்த மினுக்கு கழன்றது, சொல் கேட்டது.

நமக்கும் அந்த மினுக்குத்தான் தொல்லை. இன்று விழா மேடைகளில் 'மலையகப் பாடல்' என்று கேட்கிறோம். மின்னியக்க விசைப்பலகை இருக்கிறது, ஜிகினாச் சேலை இருக்கிறது, அலங்காரக் கூடையும் இருக்கிறது. தப்பு மட்டும் இருப்பதில்லை. அது சாவு மேளம், சாதி மேளம் என்று கூச்சம். அந்தக் கூச்சத்தை விடாமல் மீனாட்சி அம்மாளின் பாட்டையும் மீட்க முடியாது, லயத்து அம்மாவின் பாட்டையும் மீட்க முடியாது.

செய்யக்கூடியது எளிமையானது. மீனாட்சி அம்மாளின் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டின் சந்தத்தையும் பாருங்கள். அதற்குப் பொருந்தும் பழைய நாடகப் பாட்டை இசைத்தட்டில் தேடுங்கள். பிறகு, ஹட்டனிலோ கோத்தகிரியிலோ எண்பது வயது தாண்டிய ஒருவர் முன்னால் உட்கார்ந்து பாடிக் காட்டுங்கள். தவறாகப் பாடினால் அவர் திருத்துவார். முதியவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குவார்கள். பிழையைத் திருத்தத் தயங்கமாட்டார்கள். நாற்பது ஆண்டுப் பத்திரிகைத் தொழிலில் நான் கற்ற வித்தை அது. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி கிடக்கிறது. கசெட் தீர்ந்துவிட்டது என்ற என்னுடைய சாக்கு யாருக்கும் செல்லாது.

அந்தக் குறிப்பேட்டை இதை எழுதுவதற்காக நேற்று எடுத்துப் பார்த்தேன். தாள் பழுத்துவிட்டது, என் எழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு பாட்டின் ஓரத்தில், இரண்டு சொற்களுக்கு மேலே, சிறிய கோடுகள் போட்டிருக்கிறேன். அவர் அந்த இடத்தில் குரலை இழுத்தார் போலும். எவ்வளவு இழுத்தார், மேலேயா கீழேயா என்பது தெரியவில்லை. அந்த இரண்டு கோடுகள்தான் நான் எழுதிய ராகம்.